விரத உடையும் அதன் நிறமும்

பெங்களூரின் பழைய பேட்டைப் பகுதிக்கு ஆண்டில் ஓர் இரவு உறக்கம் இல்லை. திகளர்பேட்டையில் உள்ள தருமராய சுவாமி கோயிலிலிருந்து நள்ளிரவுக்குப் பின் திரௌபதியின் கரகம் புறப்பட்டு, விடியும் வரை தெருத்தெருவாக வலம் வருகிறது. சைத்திர மாதத்துப் பௌர்ணமியில் நடைபெறும் இவ்விழா, சில ஆண்டுகளில் நம் சித்திரா பௌர்ணமியோடு ஒன்றுபடும். சில ஆண்டுகளில் ஒரு மாதம் முந்திவிடும். 2024-ஆம் ஆண்டில் ஏப்ரல் 23-ஆம் நாள் இரண்டும் சேர்ந்தே வந்தன. 2025-இல் கரகம் ஏப்ரல் 12-ஆம் நாளும், நம் சித்திரா பௌர்ணமி மே 12-ஆம் நாளும் வந்தன. ஊரில் இருக்கும் உறவினரை விழாவுக்கு அழைப்போர் கன்னட நாட்காட்டியையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு அழைப்பது நலம்.

இவ்விழாவை நடத்தும் திகளர் வழிவழியாகத் தோட்டக்கலையில் வல்லவர்கள்; தம்மை வன்னிகுல க்ஷத்திரியர் என்று கூறிக்கொள்பவர்கள். 'திகுள' என்னும் பழங்கன்னடச் சொல் தமிழரைக் குறித்தது. ஆகவே கரகம் நமக்கு முற்றிலும் அயலார் விழா அன்று. எனினும் இன்று நாம் பேச வந்தது விழாவின் வரலாற்றை அன்று; அன்றிரவு கண்ணில் படும் உடைகளைப் பற்றியே.

கரகம் சுமக்கும் பூசாரி ஆண்மகன். அன்று அவர் திரௌபதி. மஞ்சளும் காவியும் கலந்த நிறத்தில் சேலை உடுத்தி, கை நிறைய வளையல் அணிந்து, கழுத்தில் தாலி பூண்டு வருகிறார். அந்தத் தாலி அவருடைய மனைவியின் தாலி. விழா முடிந்து அது திரும்பி வரும் வரை அந்த அம்மையார் கணவர் முகத்தைக் காண்பதில்லை என்பது மரபு. மல்லிகையால் கோபுரம் போல் உயர்ந்து நிற்கும் கரகத்தை அவர் கையால் பற்றுவதும் இல்லை. சுற்றிலும் வீரகுமாரர்கள் வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக, உருவிய வாளோடு உடன் வருகிறார்கள். கரகம் சரியுமானால் சுமப்பவரை அவ்வாளுக்கே இரையாக்க வேண்டும் என்று ஒரு பழங்கூற்று உண்டு. காட்டன்பேட்டையில் உள்ள மஸ்தான் சாகிப் தர்காவிலும் கரகம் நின்று செல்கிறது. அங்கே யாரும் அவ்வுடையை வியப்போடு பார்ப்பதில்லை.

இந்தச் சேலையின் நிறத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள்? பூசாரி தேர்ந்தெடுக்கவில்லை. தமக்கு எது பொருந்தும், எது எடுப்பாக இருக்கும் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. உடுத்த வேண்டிய நாள் வந்தால் உடுத்துகிறார். நாள் முடிந்தால் களைகிறார். மறுநாள் கடைத்தெருவில் அவரைக் கண்டால் நம்மைப் போன்ற ஒருவரே.

இதற்கு நேர்மாறான ஒரு முறையையும் இங்கே ஒப்பு நோக்கலாம். இங்கிலாந்தில் 1735-ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டது. அதன்பின் ஜெரால்டு கார்டனர் என்பவர் 1954-இல் நூல் ஒன்று எழுதி, பின்னர் விக்கா என்று பெயர் பெற்ற புதிய சமயத்தை உலகறியச் செய்தார். இது நம் ஊரில் பில்லி சூனியம் என்று அஞ்சப்படுவது அன்று. பருவங்களையும் நிலவையும் போற்றும் வழிபாடு. அவர்களுள் தனித்து வழிபடுவோர் பலர் தமக்குரிய அங்கியையும் அதன் நிறத்தையும் தாமே தேர்ந்துகொள்கின்றனர். செழிப்புக்குப் பச்சை, தூய்மைக்கு வெண்மை, தீங்கு தடுக்கக் கருமை என்று பட்டியல்களும் அச்சாகின்றன. கார்டனரின் வழியினரோ உடையின்றி வழிபடுவதையே உயர்வாகக் கருதினர். அதற்கு அவர்கள் வழங்கிய பெயரின் பொருள் 'வானை உடுத்தவர்' என்பது. சிரவணபெளகொளாவுக்குச் சென்று வந்த நேயர்களுக்குத் திகம்பரர் என்ற சொல் உடனே நினைவுக்கு வரும்.

பட்டியல் மோகம் நம்மையும் விட்டபாடில்லை. நவராத்திரியின் ஒன்பது நாளுக்கும் ஒன்பது நிறம் என்று மும்பையில் வாழும் நேயர்கள் உடுத்துவது, மராத்தி நாளேடு ஒன்று இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பிய வழக்கம். ஒரே நிறத்தில் பலர் சேர்ந்து நிற்பது கண்ணுக்கு இனிது. அதில் குறை காண நாம் விரும்பவில்லை. ஆனால் அதைத் தொன்றுதொட்ட விதி என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது சரியன்று.

நிறத்துக்கு நிலையான பொருள் உண்டா என்ற கேள்விக்குக் கார்த்திகை மாதம் விடை தருகிறது. நம் அலுவலகத்து வடநாட்டு நண்பர் ஒருவர், "கறுப்பு மங்கலமற்றது என்று நீங்களே சொல்கிறீர்கள், பிறகு ஐயப்பன் விரதத்துக்குக் கறுப்பு உடுத்துவது ஏன்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. திருமணப் பந்தலில் நாம் தவிர்க்கும் அதே கறுப்பைத்தான் நாற்பத்தொரு நாள் மண்டல விரதத்தில் பூணுகிறோம். மேல்மருவத்தூருக்குச் செல்லும் மகளிர் செந்நிறம் உடுத்துகின்றனர்; சமயபுரத்துக்கு மஞ்சள்; பழனிக்குக் காவியும் பச்சையும். இவற்றை எல்லாம் ஒரே அகராதிக்குள் அடைக்க முயன்றால் மொழிபெயர்ப்பாளரின் பொறுமையும் தீர்ந்துவிடும். நண்பருக்கு நாம் சொன்ன விடை இதுதான்: விரத உடை, உடுத்தியவரை அன்றாட வாழ்விலிருந்து சில நாள் பிரித்துக் காட்டுகிறது. கறுப்பு உடுத்தியவரைக் கண்டதும் 'சாமி' என்று அழைக்கிறோம். அவரும் சினத்தை அடக்குகிறார். மாலை கழற்றிய பின் அவர் பழைய பெயருக்கே திரும்புகிறார்.

துறவியின் உடை வேறு. அதற்குக் களையும் நாள் இல்லை. அதன் பெயரைச் சற்றே ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். காஷாயம் என்பது கஷாயம் என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. கஷாயம் என்றால் துவர்ப்பு, காய்ச்சிய சாறு. நம் முன்னோர் பௌத்தத் துறவியரின் உடையைத் துவராடை என்றனர், அங்கும் துவர்ப்புத்தான். இரு மொழியும் அந்நிறத்துக்குப் பெயரிட்டது கண்ணால் அன்று, நாவால்! மரப்பட்டையையும் வேரையும் காய்ச்சி எடுத்த துவர்ச்சாற்றில் தோய்த்த துணி என்பதே பொருள். விலைபோகாத கந்தலைப் பொறுக்கித் தைத்துத் தோய்த்ததே பழைய துறவாடை. இன்று கடையில் பளபளப்பான காவிப் பட்டு விற்கிறது. துவர்ப்பு எங்கோ போய்விட்டது.

கன்னடமும் ஒரு சொல்லால் நமக்குத் துணை நிற்கிறது. பெங்களூர்ப் பேருந்தில் மடிவாளா என்ற பெயரை நாள்தோறும் கேட்கிறோம். மடிவாள என்பது கன்னடத்தில் வண்ணாரைக் குறிக்கும் சொல். 12-ஆம் நூற்றாண்டின் சரணர்களுள் மடிவாள மாச்சிதேவர் துணி வெளுக்கும் தொழில் செய்தவர். மடி என்றால் தோய்த்து உலர்த்திய துணி. அதிலிருந்தே தூய்மை என்ற பொருளும் விரிந்தது. அச்சொல் நம் வீடுகளிலும் வழங்குவதே. வழிபாட்டுக்கு உரிய முதல் உடை நிறமுடையது அன்று, துவைத்தது என்பதை இச்சொல் காட்டுகிறது. பிற்காலத்தில் 'தொடாதே, விலகி நில்' என்று பிறரை ஒதுக்கும் கருவியாகவும் அது ஆனது. துணி வெளுத்துக் கொடுத்தவரையே தீண்டக் கூசிய கொடுமையையும் நாம் மறைக்கலாகாது.

வெளிமாநிலங்களில் குடும்பம் நடத்தும் நேயர்களுக்கு நடைமுறையில் சில இடர்கள் உண்டு. பள்ளியில் சீருடை கட்டாயம். தொழிற்சாலையில் பாதுகாப்புக் காலணி இன்றி நுழைய முடியாது. விரதம் ஏற்ற பையன் பள்ளிக்குச் சீருடையிலேயே செல்லட்டும். சட்டைக்குள் மாலை இருக்கட்டும். மாலையில் வீடு திரும்பிக் குளித்தபின் விரத வேட்டி உடுத்தட்டும். காலணியைத் துறப்பதற்காக இயந்திரத்தின் அருகே வெறுங்காலுடன் நிற்பது பக்தி ஆகாது. கடைகளில் 'விரத செட்' என்று விற்கும் செயற்கை இழைத் துணி கிடைக்கவில்லையே என்று வருந்தவும் வேண்டியதில்லை.

மஞ்சளாடை வேண்டுமாயின் வீட்டிலேயே தோய்க்கலாம். வெள்ளைப் பருத்தி வேட்டியை நன்கு துவைத்து, மஞ்சள் பொடி கரைத்த வெந்நீரில் நனைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். வெயில் பட்டால் மஞ்சள் வெளுக்கும். துவைக்கத் துவைக்கக் குறையும். சாயக்காரர் இதைக் குறை என்பார். விரதம் இருப்பவருக்கு இதுவே பயன். நாள் முடிய நிறமும் கழன்று, துணி மீண்டும் வெறும் வேட்டியாகிவிடுகிறது. தோய்க்கவும் நேரமில்லாதவர், புத்தாடையின் ஓரத்தில் நம் வீட்டுப் பெண்கள் தொட்டு வைக்கும் மஞ்சள் பொட்டோடு நிறைவு கொள்ளலாம்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். மஞ்சள் தோய்ந்த வேட்டியில் சவர்க்காரம் பட்டால் அவ்விடம் சிவந்துவிடும். முதன்முறை காணும் இளைய மருமகள் அஞ்சுவாள். அஞ்ச வேண்டாம். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்து ஆலத்தி எடுக்கும்போது நீர் சிவப்பது எதனாலோ, இதுவும் அதனாலேயே. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். சிறிது புளித்தண்ணீர் விட்டு அலசினால் போதும், மஞ்சள் திரும்பிவிடும்.