பெயர்ப்பட்டியலில் இல்லாதவர்கள்: ஜப்பானிய விளையாட்டு நிறுவனங்களின் இசைக்குழுக்கள்



தமிழுக்கென அமைந்த மேடையில் காணொளி விளையாட்டின் இசைக்கு என்ன வேலை என்னும் வினா சிலருக்கு எழக்கூடும். நாம் இன்று ஆராய விழைவது விளையாட்டை அன்று. ஒருவர் செய்த பணிக்கு அவருடைய பெயரை எழுதிவைக்கும் வழக்கத்தை. இதில் தமிழர்க்குப் பழைய அனுபவம் உண்டு. பரிபாடலில் பாடல்கள் பலவற்றின் அடியில் பாடியவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண் ஆகிய மூன்றும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன. பாட்டெழுதியவர் வேறு, மெட்டமைத்தவர் வேறு என்பதை உணர்ந்து, இருவரையும் பதிந்துவைத்த மரபு அது. இயற்பெயர் கிடைக்காதபோது, குறுந்தொகையைத் தொகுத்தோர் பாட்டில் வந்த தொடரைக்கொண்டே செம்புலப்பெயல்நீரார் என்று ஒரு பெயரைச் சூட்டினர். பெயரின்றி விட அவர்களுக்கு மனம் வரவில்லை போலும்.

இனி ஜப்பானுக்குச் செல்வோம். 1986ஆம் ஆண்டில் கொனாமி நிறுவனம் ‘காசில்வேனியா’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதன் இசையை இயற்றியவர்கள் கினுயோ யமஷிதா, சடோயே தெராஷிமா என்னும் இரு பெண்கள். யமஷிதா அப்போதுதான் பணியில் சேர்ந்திருந்தார். விளையாட்டை முடித்தவர்கள் இறுதித் திரையில் கண்ட பெயரோ ‘ஜேம்ஸ் பனானா’. டிராகுலா திரைப்படத்துக்கு இசையமைத்த ஜேம்ஸ் பெர்னார்டின் பெயரைத் திரித்துச் செய்த வேடிக்கை அது. நாவலாசிரியர் பிராம் ஸ்டோக்கரும் கணினி நினைவகத்தின் பெயரை ஏற்று ‘வி-ராம் ஸ்டோக்கர்’ ஆகிவிட்டார். சிரிப்பு வருகிறது, ஆனால் அந்தச் சிரிப்புக்குள் இரண்டு மனிதர்களின் உழைப்பு மறைந்துபோயிற்று.

கேப்காம் நிறுவனத்திலும் இதே நிலைதான். 1987இல் வந்த ‘மெகா மேன்’ விளையாட்டுக்கு இசையமைத்த மனாமி மட்சுமாயே ‘சன்சகோரின் மனாமி’ என்றே பட்டியலில் இடம்பெற்றார். ஒலிக்கான நிரலை எழுதிய யோஷிஹிரோ சகாகுச்சியின் பெயர் ‘யூகிச்சானின் அப்பா’ என்று இருந்தது. பிள்ளையின் பெயரைச் சொல்லித் தந்தையை அழைப்பது நம் வீடுகளிலும் உள்ள வழக்கமே. ஆயினும் அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கையில் ‘அந்த அப்பா நான்தான்’ என்று எதைக்கொண்டு மெய்ப்பிப்பது?

நிறுவனங்கள் இவ்வாறு செய்தமைக்குப் பரவலாகக் கூறப்படும் காரணம் அச்சம். திறமையாளர் இன்னார் என்று வெளியே தெரிந்தால், போட்டி நிறுவனம் கூடுதல் ஊதியம் தந்து அவரை அழைத்துக்கொள்ளும் என்னும் அச்சம்.

இருப்பினும், தனிப்பெயர் மறைந்தமைக்கு நிறுவனத்தின் தன்னலம் ஒன்றையே காரணமாகச் சொன்னால் அது முழு உண்மை ஆகாது. அக்காலத்தில் அந்த இசை எவ்வாறு உருவானது என்பதையும் நாம் பார்க்க வேண்டும். நிண்டெண்டோவின் ஃபாமிகாம் கருவியில் ஒலிக்கு ஐந்து தடங்களே இருந்தன: சதுர அலைக்கு இரண்டு, முக்கோண அலைக்கு ஒன்று, இரைச்சலுக்கு ஒன்று, பதிவு செய்த ஒலித்துணுக்குகளுக்கு ஒன்று. 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டு முழுவதும், படங்களும் இசையும் உட்பட, 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. மாரியோ குதிக்கும் ஓசை எழும்போது, இசை தன் தடங்களுள் ஒன்றை ஒரு கணம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். மெட்டு முடியும் இடம் தொடங்கும் இடத்தோடு தையல் தெரியாமல் பொருந்த வேண்டும். விளையாடுபவர் எத்தனை நேரம் அங்கே நிற்பார் என்பதை யாரும் அறியார். மெட்டை ஒருவர் அமைப்பார். அதைக் கருவி அறியும் எண்களாக மாற்றும் நிரலை மற்றொருவர் எழுதுவார். வெடியோசையையும் காலடியோசையையும் மூன்றாமவர் செய்வார். அந்த நிரலின் நுட்பத்தால்தான் ஒரு சுரம் நடுங்கும், தேயும், எதிரொலிக்கும். இவற்றுள் எது இசை, எது பொறியியல் என்று கோடு கிழிப்பது எளிதன்று.

ஆகவே குழுப்பெயர்கள் தோன்றியதில் ஒரு நியாயமும் உண்டு. கொனாமியின் குழு தன்னைச் ‘செவ்வக அலைக் கழகம்’ என்று பொருள்படும் பெயரால் அழைத்துக்கொண்டது. தன் கருவியின் ஒலியையே பெயராக்கிய அழகு அதில் இருக்கிறது. டைட்டோ நிறுவனத்துக்கு ஸுண்டாட்டா, நிஹான் ஃபால்காம் நிறுவனத்துக்குச் சவுண்ட் டீம் ஜே.டி.கே. என்று குழுக்கள் அமைந்தன. ஃபால்காமின் இசை பல்லாண்டுகளாக அந்தக் குழுப்பெயராலேயே வெளிவருகிறது. எந்த மெட்டு யாருடையது என்று பொதுவாகப் பிரித்துச் சொல்லப்படுவதில்லை.

இங்குச் சட்டமும் குறுக்கிடுகிறது. நிறுவனத்தின் முனைப்பில், பணியின் பகுதியாக ஊழியர் இயற்றி, நிறுவனம் தன் பெயரில் வெளியிடும் படைப்புக்கு, வேறு ஏற்பாடு இல்லாதவிடத்து, அந்நிறுவனமே ஆசிரியர் என்கிறது ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. உரிமையாளர் என்பதோடு நில்லாமல் ஆசிரியர் என்றே சொல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் படைப்பாளர் தம் பெயரால் அடையாளம் காட்டப்படும் உரிமையை வகுத்தது. அதற்கும் விலக்குகள் உண்டு.

இச்சூழலில் வேறு வழியைத் தேர்ந்தவர் யூஸோ கொஷிரோ. ஃபால்காமின் ‘யீஸ்’ விளையாட்டுக்கு இளவயதில் இசையமைத்த அவர், பின்னர்த் தனித்து இயங்கினார். 1989இல் சேகா வெளியிட்ட ‘ரிவெஞ்ச் ஆஃப் ஷினோபி’ விளையாட்டின் தலைப்புத் திரையிலேயே அவர் பெயர் இடம்பெற்றது. வெளியிலிருந்து வந்தவர்க்குத் தலைப்பில் இடம். உள்ளே இருப்பவர்க்கு இறுதிப் பட்டியலில் புனைபெயர். அக்காலத்தின் நிலையை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது.

குழுப்பெயரை நாம் மறுக்கவில்லை. உறையின் மேல் குழுப்பெயர் இருக்கட்டும். உள்ளே, பரிபாடலின் அடியில் இருப்பதைப் போல, மெட்டு இவருடையது, நிரல் இவருடையது என்று ஒரு வரி இருந்தால் போதும். அதற்கு இடம் இல்லை என்று 40 கிலோபைட் காலத்தில் சொல்லியிருக்கலாம். இன்று சொல்ல இயலாது.

2023இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் முதன்முறையாக ஒரு காணொளி விளையாட்டின் இசையைச் சேர்த்தது. அது ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் மெட்டு. அங்கே கோஜி கொண்டோ என்னும் பெயர் தெளிவாக உள்ளது. 1984இல் நிண்டெண்டோவில் பணியில் சேர்ந்து அதை இயற்றியவர் அவரே. 1985இன் விளையாட்டில் பெயர்ப்பட்டியலே கிடையாது. அதன்பின் 2024 அக்டோபரில் அந்நிறுவனம் தன் விளையாட்டுகளின் இசையைக் கேட்பதற்கென்றே ஒரு செயலியை வெளியிட்டது. பாடலின் பெயரும் விளையாட்டின் பெயரும் அதில் இருந்தன. இசையமைத்தவர் பெயர் இல்லை.