பொதி தங்கும் இடம்

மழைநீர் ஏந்தச் சில கலங்களே உள்ள வீட்டில், நிரம்பிய கலத்துக்குப் பதிலாக வெறுங்கலத்தை உடனே கூரையின்கீழ் வைப்பவரே நீரைச் சேமிக்க வல்லவர். வலையமைப்போடு இணைந்த சிறு கருவிகளின் நிலையும் இத்தகையதே.

மின்மானி, நோயாளியின் இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் கருவி முதலியவற்றினுள் சிறு கணினி ஒன்று உண்டு. அதனை நாடி வரும் செய்திகள் பொதிகளாகப் பகுக்கப்பட்டு வருகின்றன. பொதி தங்குதற்கு நினைவகத்தில் ஒதுக்கப்படும் இடமே 'பஃபர்' எனப்படும். 'டிரைவர்' என்னும் நிரல் முன்கூட்டியே ஒப்படைத்த இடங்களிலேயே வலையமைப்புச் சில்லு பொதிகளை எழுதுகின்றது.

அவ்விடங்கள் எத்துணைச் சிலவென்பதைக் கணக்கொன்று தெளிவாக்கும். 64 கிலோபைற் நினைவகமுள்ள கருவியொன்றிற் பாதியைப் பொதிகளுக்கு ஒதுக்கினால், 1,536 பைற் கொண்ட இடங்கள் 21 கிடைக்கும். முழு அளவான ஈதர்நெற் பொதி 1,518 பைற் ஆதலின், ஓரிடத்தில் ஒரு பொதி அடங்கும். செக்கனுக்கு 100 மெகாபிற் வேகமுள்ள இணைப்பில், மிகச் சிறிய பொதிகள் 6.72 மைக்குரோசெக்கனுக்கு ஒன்றாக வரக்கூடும். அவ்வாறு வரின், ஒரு செக்கனின் ஏழாயிரத்தில் ஒரு பங்குக் காலத்துள் 21 இடங்களும் நிரம்பிவிடும்.

அந்நிலையிற் செய்யத்தக்கது யாது? அனுபவமற்ற நிரலர், வந்த பொதியை மேலே அனுப்பிவிட்டுப் பின்னரே புதிய இடத்தைத் தேடுவார். அது கிடையாதபோதெல்லாம் சில்லின் வசமுள்ள இடங்கள் ஒவ்வொன்றாகக் குறையும். இறுதியில் ஒன்றும் எஞ்சாது. உறுப்பெதுவும் பழுதுறாமலே கருவி செவிடாகிவிடும். தேர்ந்தவர் முறை வேறு. அவர் முதலிற் புதிய இடத்தைப் பெறுகின்றார். பெற்றாலன்றிப் பொதியை மேலே விடுவதில்லை. பெறாவிடின், பொதியைக் கைவிட்டு, அதே இடத்தைச் சில்லிடம் மீண்டும் ஒப்படைக்கின்றார். பொதியை இழப்பது பேரிழப்பன்று, டீ.சீ.பீ. நெறியில் வந்ததாயின் அனுப்பியவரே அதனை மறுபடி அனுப்புவார். இடத்தை இழப்பதோ மீளா இழப்பு.

இதனினும் மறைவான பகை ஒன்றுண்டு. பிழையான பொதி வரும்போது மட்டும் இடத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்த நிரல், சோதனைக் கூடத்திற் குறையின்றி இயங்கும். நாளொன்றுக்கு ஒரு பிழைப் பொதி வரினும், 21ஆம் நாள் கருவி ஓய்ந்துவிடும். அஃது இதயத் துடிப்பைக் காக்கும் கருவியாயின் விளைவு சொல்லாமலே விளங்கும்.

சுவீடனில் அடம் டன்கெல்ஸ் ஆக்கிய 'எல்.டபிள்யூ.ஐ.பி.' என்னும் நிரற்றொகுதி இதற்கோர் ஒழுங்கு வகுத்துள்ளது. ஒரு பஃபரை எத்தனை பகுதிகள் பயன்படுத்துகின்றன என்னும் எண் அதனிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பகுதியும் விடுந்தோறும் எண் குறையும். சுழியமானதும் இடம் பொதுக் களஞ்சியத்தைச் சேரும். ஆயினும், விட மறந்தவருக்காக எந்த எண்ணும் தானே குறைவதில்லை.

ஆகவே, ஒவ்வோரிடமும் ஒவ்வொரு கணமும் எவர் வசமுள்ளது என்னும் வினாவுக்கு ஒரே விடை இருத்தல் வேண்டும். பெற்றதைத் திருப்பிக் கொடுக்கும் அவ்வொழுங்கே சிறு கருவியின் உயிர்நாடி.