ஓலையும் தாள்தான்
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாங்கள் தொண்ணூறுகளில் இங்கு படித்தவர்கள். பொருளாதாரத் தடையால் கொப்பியே அருமையாகிப்போன காலம். சித்திரத் தாள் வேண்டுமென்று வீட்டில் வாய் திறக்கமாட்டோம். எங்கள் சித்திர ரீச்சர், "தாள் இல்லாட்டி என்ன பிள்ளையள், வளவு இருக்குத்தானே" என்று எங்களை வெளியே கூட்டிச் சென்றார். கரியும் மஞ்சளும் ஓட்டுத்துண்டும் வர்ணமாயின. ஓலை தாளாயிற்று. பன்னாடை, ஊமல், ஈர்க்கு கொண்டு மண்ணில் உருவங்கள் செய்தோம். மறுநாள் காற்றுக் கலைத்துவிடும். மறுபடியும் செய்வோம்.

அங்கேதான் பனையைப் பார்க்கக் கற்றோம். குருத்தோலை வெள்ளை, மெல்லிதாய் வளையும், சாயம் ஏற்கும். சார்வோலை முற்றியது, பாரம் தாங்கும். ஆகவே சின்னப் பெட்டிக்குக் குருத்து, கடகத்துக்குச் சார்வு. கடகத்துக்கு நார் பொத்தாவிட்டால் விளிம்பு பிய்ந்துவிடும். எதைச் செய்வதென்று நாங்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை, ஓலையும் தீர்மானிக்கிறது என்பதை ரீச்சர் சொல்லாமலே விளங்கிக்கொண்டோம்.

1995 ஒக்ரோபரில் இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது தலையிழந்த பனைகளைக் கண்டோம். எத்தனையோ மரங்கள் பதுங்குகுழிகளுக்குக் குற்றிகளாகப் போயிருந்தன. அதைக் கீறவேண்டியவர்கள் நாங்கள்தான். கீறவில்லை. உயர்தரத்தில் உயிரியலும் கணிதமும் எடுத்தோம். எங்களுள் மிக நன்றாகக் கீறியவளும் தூரிகையை வைத்துவிட்டாள். யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. இன்று எங்கள் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுக்கிறோம். மருத்துவர்களான எங்களிடம் வரும் முதிய அம்மாக்களுக்குப் பெட்டி இழைக்கத் தெரியும். எங்களுக்கு மறந்துவிட்டது.

ஜேர்மனியில் காசல் என்னும் நகரம் உண்டு. எங்கள் தோழிகள் சிலர் அந்த நாட்டில் வாழ்கிறார்கள். அங்கு 1982இல் ஜோசப் போய்ஸ் என்ற கலைஞர் 7000 மரங்களை நடத் தொடங்கினார். ஒவ்வொரு மரத்தின் அருகிலும் ஒரு எரிமலைக்கல். நடுகை முடியுமுன் 1986இல் அவர் இறந்துபோனார். அடுத்த ஆண்டு அவருடைய மகன் கடைசி மரத்தை நட்டார். மரம் வளர வளர, பக்கத்துக் கல் சிறியதாகத் தோன்றும். அந்த மாற்றமும் அந்தப் படைப்பிலே அடங்கும்.

நூற்றாண்டு நினைவாக என்ன செய்வதென்று எங்கள் வகுப்புத் தோழிகளிடையே பெரிய வாக்குவாதம் நடந்தது. கருங்கல் தூண் என்றார்கள் சிலர். பெயர் நிலைக்கும் என்பது அவர்கள் நியாயம். முடிவில், பின்வேலியோரம் 100 பனம்விதைகளை ஊன்றுவதென்று ஒத்துக்கொண்டோம். ஒவ்வொன்றின் அருகிலும் எங்கள் மண்ணின் சுண்ணக்கல் ஒன்று. அதில் மாணவிகள் தாம் விரும்பியதைச் செதுக்கட்டும். வடலியாகி, வளர்ந்து, காய்ப்பதற்குப் 15 ஆண்டுகளுக்கு மேலும் செல்லலாம். நுங்கு குடிக்க எங்களில் எல்லோரும் இருக்கமாட்டோம். அதனால் என்ன?

உங்களிடம் ஒன்று கேட்கிறோம். காசு அனுப்பியதோடு நின்றுவிடாதீர்கள். அம்மாவோ அம்மம்மாவோ இழைத்த பின்னல் ஒன்று நினைவிருந்தால், கீறி அனுப்புங்கள். ஊருக்கு வரும்போது ஒரு மணித்தியாலம் சித்திர வகுப்பில் பிள்ளைகளோடு நிலத்தில் குந்துங்கள். உங்கள் மகள் சித்திரம் படிக்கப்போகிறேன் என்றால், மறிக்காதீர்கள்.

எங்கள் ரீச்சருக்கு நாங்கள் கொடுக்காமல் விட்ட ஒப்படை இது. பிந்தித்தான் கொண்டுவந்திருக்கிறோம்.