அறுவைக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி



குழந்தைகளின் பிறவி இதயக் குறைகள் பற்றிய இந்தக் கருத்தரங்கை வாலாஜாபாத்தில் கூட்டியதற்கு அமைப்பாளர்களை மனதாரப் பாராட்டுகிறேன். ஆயிரம் பிறப்புகளில் எட்டு, ஒன்பது குழந்தைகளுக்கு இதயத்தில் பிறவிக் குறை இருக்கிறது. அரசு காப்பீட்டுத் திட்டங்கள் வந்தபின் நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கும் இதய அறுவை கைக்கெட்டியது. அது பெரிய சாதனை. குறைக்குக் காரணம் தேடுவதில்தான் பின்தங்கியிருக்கிறோம்.

அத்தகைய காரணங்களில் ஒன்றைச் சொல்கிறேன். 22-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதியின் இரு ஓரங்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியான டி.என்.ஏ. வரிசைகள் உள்ளன. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது, இந்த ஒற்றுமையால் குரோமோசோம் ஜோடி இடம் மாறிப் பொருந்திவிடுகிறது. ஜக்கார்டு தறியில் ஒரே மாதிரித் துளையிட்ட இரண்டு அட்டைகளைக் குழப்பிக் கோத்தால் இடையில் உள்ளவை விட்டுப்போகுமே, அப்படி. பெரும்பாலோரிடம் விடுபடுவது சுமார் 30 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள். அவற்றோடு டிபிஎக்ஸ்1 என்ற மரபணுவும் போகிறது. இதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாய்கள், தைமஸ், பாராதைராய்டு சுரப்பிகள், அண்ணம் ஆகியவை உருவாவதில் அதற்குப் பங்குண்டு. 'டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ' என்ற பிறவி இதயக் குறை உள்ள குழந்தைகளில் பத்தில் ஒருவருக்காவது இந்த இழப்பு இருக்கும்.

மருத்துவர்களே, செவிலியர்களே, நீலம் பாரித்த குழந்தையின் தாய், "பால் குடிச்சா மூக்கு வழியா வருதுங்க" என்றால், பால் புகட்டத் தெரியவில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். அண்ணத்தைப் பாருங்கள், கால்சியம் பாருங்கள், மரபணுச் சோதனைக்கு எழுதுங்கள். அறுவைக்கு முன்பே விடை தெரிந்தாக வேண்டும். பாராதைராய்டு குறைபாட்டால் கால்சியம் சரிந்தால் வலிப்பு வரும். தைமஸ் குறைபாட்டால் எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைக்குக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய ரத்தமே ஏற்ற வேண்டும். வழக்கமான குரோமோசோம் சோதனையில் இந்த இழப்பு பெரும்பாலும் தெரியாது. ஃபிஷ் அல்லது மைக்ரோஅரே என்ற மரபணுச் சோதனை தேவை.

குரோமோசோம் துண்டு குறைந்தால் மட்டுமல்ல, கூடுதலாகச் சேர்ந்தாலும் கேடுதான். 7-ஆம் குரோமோசோமில் எலாஸ்டின் மரபணு உள்ள துண்டு குறைந்தால் மகாதமனி குறுகுகிறது, வில்லியம்ஸ் நோய் வருகிறது. அதே துண்டு இரட்டித்த பிள்ளைகள் பலருக்கு மகாதமனி விரிகிறது. ஒரே துண்டின் அளவு இதயத்தை இரு திசைகளில் இழுப்பது இத்துறையில் என்னை மிகவும் வியக்கவைத்த உண்மை.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். கிரகணத்தில் வெளியே போனாள், சொந்தத்தில் கட்டினாள் என்று பழியெல்லாம் பெண் மீது விழுகிறது. நெருங்கிய உறவுத் திருமணத்தால் இதயக் குறைகளுக்கான வாய்ப்பு கூடுவது உண்மை. ஆனால் 22-ஆம் குரோமோசோம் இழப்பு பத்தில் ஒன்பது குடும்பங்களில் புதிதாக நேர்வது; தாயோ தந்தையோ செய்த எதனாலும் வருவதல்ல. பெற்றோரில் ஒருவருக்கே அது இருந்தால் மட்டும் ஒவ்வொரு பேற்றுக்கும் பாதி வாய்ப்பு. பெற்றோரின் சோதனை முடிவை மாமியாரையும் உட்காரவைத்து விளக்குங்கள்.

அறுவை முடிந்த பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சியும் பள்ளியில் கூடுதல் துணையும் பல ஆண்டுகள் வேண்டியிருக்கும். அதை வட்டார அளவில் யார் தொடர்ந்து பார்ப்பது என்று இன்று மாலைக்குள் ஒரு முடிவு எடுத்துத் தாருங்கள். முதல் அமர்வைச் செவிலியர்கள் தொடங்கட்டும்.