பின்களம் காத்த பொபி மூர்

பழந்தமிழ்ப் புலவர்கள் போரினைத் திணைகளாக வகுத்தபொழுது, பகைவரது கோட்டையை வளைத்துக்கொள்ளும் வீரனுக்கு உழிஞைப் பூவைச் சூட்டினர். அக்கோட்டை மதிலை உள்நின்று காக்கும் வீரனுக்கு நொச்சிப் பூவைச் சூட்டினர். புறப்பொருள் வெண்பாமாலை இவ்விரண்டையும் தனித்தனித் திணைகளாகவே கொள்கின்றது. உதைபந்தாட்டம் பார்க்கச் செல்லும் நம்மிற் பலர் அத்துணை நடுவுநிலைமை உடையவர்களல்லர். கோல் போட்டவன் பெயரை நெடுங்காலம் நினைவில் வைத்திருக்கின்றோம். கோல் விழாமற் காத்தவன் பெயரை வீடு திரும்புமுன் மறந்துவிடுகின்றோம். விழாத கோலுக்குக் கணக்கெழுதுவார் இல்லையல்லவா? கணக்கில் ஏறாத அந்தத் தொழிலைச் செய்தே உலகப் புகழ் பெற்ற ஒருவரைப் பற்றி இன்று சில கூற விரும்புகின்றேன். அவர்தாம் இங்கிலாந்து அணியின் தலைவராக விளங்கிய பொபி மூர்.

இலண்டன் மாநகரின் கிழக்கே, பார்க்கிங் என்னும் ஊரில், 1941ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆந் திகதி பிறந்தவர் மூர். 1956இல் வெஸ்ற் ஹாம் யுனைற்றெட் கழகத்தில் பயில்நிலை வீரராகச் சேர்ந்தார். ஆட்டக்காரனுக்கு இன்றியமையாதன என்று நாம் கருதும் கொடைகள் அவருக்குக் குறைவாகவே வாய்த்திருந்தன. ஓட்டத்தில் அவர் வேகமுடையவரல்லர். உயர எழுந்து தலையாற் பந்தை முட்டுவதிலும் வல்லவரல்லர். இக்குறைகளை நன்கறிந்த ஒருவர் அக்கழகத்தில் இருந்தார். அவர் மல்கம் அலிசன் என்னும் மூத்த பின்கள வீரர். பந்து வந்து சேருமுன்னரே, அது வந்தால் யாருக்குக் கொடுப்பது என்று ஒவ்வொரு கணமும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே அவர் இளைஞன் மூருக்குப் புகட்டிய பாடம்.

அந்த ஆசானுக்குக் காசநோய் கண்டு, ஒரு நுரையீரல் அகற்றப்பட்டது. நோயினின்றும் மீண்டு, மறுபடி களமிறங்கும் நாளை அவர் எதிர்பார்த்திருந்தார். 1958 செப்டெம்பர் 8ஆந் திகதி மான்செஸ்ரர் யுனைற்றெட் அணியை எதிர்த்து ஆடுவதற்கு ஓர் இடம் வெறிதாயிற்று. அந்த இடம் அலிசனுக்குக் கிட்டவில்லை. அவருடைய மாணவனான பதினேழு வயது மூருக்கே கிட்டியது. வெஸ்ற் ஹாம் 3க்கு 2 என்ற கணக்கில் வென்றது. மாணவனின் உயர்வும் ஆசானின் ஏமாற்றமும் ஒரே மாலையில் நிகழ்ந்தன.

மூரின் ஆட்டத்தில் அலிசனின் பாடம் எவ்வாறு பயன்பட்டது என்பதைச் சிறிது விளக்க வேண்டும். பின்களத்தில் நிற்பவன் எதிரியைத் துரத்திப் பிடிப்பது ஒரு முறை. எதிரி பந்தை எங்கே அனுப்பக்கூடும் என்று முன்னரே உணர்ந்து, அவ்விடத்தில் நின்றுகொள்வது மற்றொரு முறை. வேகமில்லாதவனுக்கு முதலாவது முறை பயன்படாது. ஆகவே மூர் இரண்டாவது முறையைப் பேணி வளர்த்தார். அவர் பாய்ந்து விழுந்து பந்தைப் பறிப்பது அரிது. பந்துதான் அவரைத் தேடி வருவது போலத் தோன்றும். கைக்கொண்ட பந்தை வெறுமனே வெளியே உதைத்துவிடாது, தம் அணியின் முன்கள வீரனுக்குச் செம்மையாக அனுப்பினார். காவலே தாக்குதலின் தொடக்கமாயிற்று. வருமுன் காத்தல் என்று நம்மவர் கூறுவதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு விளையாட்டுலகிற் கிடைப்பது அரிது.

1962இல் பெரு நாட்டு அணிக்கெதிராக இங்கிலாந்துக்கு முதன்முதல் ஆடிய மூர், மறு ஆண்டே, 22 வயதில், அவ்வணியின் தலைவரானார். 1964இல் அவருடைய கழகம் இங்கிலாந்துச் சங்கக் கிண்ணத்தை வென்றது. அவ்வாண்டின் பிற்பகுதியில் அவருக்குப் புற்றுநோய் கண்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. அவர் வாழ்ந்த காலம் முழுவதும் இந்நோயினைப் பற்றி வெளியுலகம் அறியவில்லை. சில மாதங்களில் அவர் களத்துக்கு மீண்டார். 1965இல் கிண்ணம் வென்றோருக்கான ஐரோப்பியக் கிண்ணத்தை, மியூனிச் 1860 அணியை 2க்கு 0 என்று வென்று, வெம்பிளி அரங்கிலே ஏந்தினார்.

1966ஆம் ஆண்டின் உலகக் கிண்ணப் போட்டி இங்கிலாந்தில் நடைபெற்றது. போட்டி தொடங்குமுன் ஒரு சிக்கல் எழுந்தது. கழகத்துடன் மூர் செய்திருந்த ஒப்பந்தம் ஜூன் மாத முடிவோடு காலாவதியாயிற்று. புதியதில் அவர் ஒப்பமிடவில்லை. ஒப்பந்தமில்லாத வீரன் நாட்டுக்காக ஆடவும் விதி இடந்தராது. ஈற்றில் ஒரு மாதத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒப்பந்தமொன்றில் ஒப்பமிட்டே அவர் களமிறங்கினார். ஒரு நாட்டின் அணித்தலைவனாயினும் கழகத்தின் ஊழியனே என்னும் அக்கால நிலையை இது நமக்கு உணர்த்துகின்றது.

ஜூலை 30ஆந் திகதி மேற்கு ஜேர்மனியுடன் இறுதியாட்டம். ஜேர்மனி முதலில் ஒரு கோல் போட்டது. சில நிமிடங்களின் பின், தம்மை எதிரணி வீரர் வீழ்த்தியமைக்காகக் கிடைத்த உதையை, மற்றவர்கள் ஒழுங்காக நிற்குமுன் மூரே விரைந்து உதைத்தார். அதை ஜெவ் ஹேர்ஸ்ற் தலையால் முட்டிக் கோலாக்கினார். ஆட்டம் மேலதிக நேரத்துக்கு நீண்டது. இங்கிலாந்து 3க்கு 2 என முன்னின்ற இறுதிக் கணத்தில் பந்து மூரிடம் வந்தது. வெளியே உதைத்துவிடும்படி ஜாக் சாள்ற்றன் கூவினார். மூர் பதற்றமின்றித் தலைநிமிர்ந்து பார்த்தார். நெடுந்தொலைவில் ஓடிக்கொண்டிருந்த ஹேர்ஸ்ற்றுக்குப் பந்தை அனுப்பினார். அதுவே நான்காவது கோலாயிற்று. கிண்ணம் பெறப் படியேறிய மூர், மகாராணியாரின் வெண் கையுறை அழுக்குறாதிருக்க, தமது கைகளைத் துடைத்துக்கொண்டார்.

ஆயினும் அவருடைய கலையை முழுமையாகக் காட்டியது தோல்வியில் முடிந்த ஓர் ஆட்டமே என்பர். 1970இல் மெக்சிக்கோ செல்லும் வழியில், கொலம்பியாவின் தலைநகரில், கடையொன்றிற் காப்புத் திருடியதாக அவர்மீது பழி சுமத்தப்பட்டது. நான்கு நாட்கள் அவர் தடுத்துவைக்கப்பட்டார். வழக்குப் பின்னர் கைவிடப்பட்டது. அப்பழியின் சுமையோடு அணியைச் சேர்ந்த அவர், ஜூன் 7ஆந் திகதி பிரேசிலை எதிர்த்து ஆடினார். புயலென ஓடிவந்த ஜெயர்சினோவுக்கு முன்னே பின்னடைந்து பின்னடைந்து சென்று, ஏற்ற கணத்திற் காலை நீட்டிப் பந்தைக் கவர்ந்தார். எதிரியின் உடலில் அவர் காலே படவில்லை. பிரேசில் 1க்கு 0 என வென்றது. ஆட்டம் முடிந்ததும் பெலேயும் மூரும் மேலங்கி மாற்றிக்கொண்டு புன்னகைத்த காட்சியை உலகம் இன்றும் மறக்கவில்லை.

காவற்றொழிலின் கொடுமையையும் அவர் நுகர வேண்டியிருந்தது. 1973 ஜூனிற் போலந்தில் நடந்த ஆட்டத்தில், லுபான்ஸ்கி அவர் காலிலிருந்து பந்தைக் கவர்ந்து கோல் போட்டார், இங்கிலாந்து தோற்றது. முன்கள வீரன் பத்து முறை தவறி ஒருமுறை வென்றாற் போற்றப்படுகின்றான். பின்கள வீரனோ பத்து ஆண்டு காத்தும் ஒருமுறை தவறினால் அதுவே பேச்சாகின்றது. அவ்வாண்டு நவெம்பரில் இத்தாலிக்கெதிரான ஆட்டத்துடன் அவரது நாட்டுப்பணி முடிந்தது. 108 ஆட்டங்கள், அவற்றுள் 90இல் தலைமை. 1974இல் புல்ஹம் கழகத்துக்குச் சென்ற அவர், மறு ஆண்டு கிண்ண இறுதியாட்டத்திற் பழைய கழகமான வெஸ்ற் ஹாமிடமே தோற்றார்.

ஆட்டத்தை விட்ட பின்னர் அவருடைய அறிவை இங்கிலாந்து உரியவாறு பயன்படுத்தவில்லை. சிறிய கழகங்கள் சிலவற்றைப் பயிற்றுவித்தார். பின்பு வானொலி வருணனையாளரானார். 1993 பெப்ரவரி 17ஆந் திகதி, நோய் முற்றிய நிலையிலும், வெம்பிளியிலிருந்து இங்கிலாந்தின் ஆட்டத்தை வருணித்தார். ஒரு வாரத்தின் பின், பெப்ரவரி 24ஆந் திகதி, குடற் புற்றுநோயால் 51 வயதிற் காலமானார். புதிய வெம்பிளி அரங்கின் முன் 2007இல் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. உயிரோடிருந்த காலத்தில் அளித்திருக்கக்கூடிய ஒரு பணியை, இறந்த பின் நிறுவிய வெண்கலம் ஈடுசெய்யாது.

நேயர்களே, அடுத்த முறை உங்களூர் மைதானத்தில் ஓர் ஆட்டத்தைப் பார்க்கும்போது, சில நிமிடங்களேனும் பந்தை விட்டுவிட்டுப் பின்களத்தில் நிற்பவனைக் கவனியுங்கள். அவன் எங்கே நிற்கின்றான், ஏன் அங்கே நிற்கின்றான் என்று எண்ணிப் பாருங்கள். கோல் விழாத நேரத்திலும் அங்கே ஒரு பெரும் ஆட்டம் நடந்துகொண்டிருப்பதைக் காண்பீர்கள்.