நாற்காலியும் சாதியும்
(கல்யாணில் தமிழ்த் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பெண்கள் நிர்வாகப் பொறுப்புக்கு வருவது குறித்து எழுதும் முதலாளித்துவப் பத்திரிகைகள் பாலினத்தோடு நின்றுவிடுகின்றன. அந்நாற்காலியில் அமர்பவர் எந்தச் சாதியினர் என்னும் கேள்வி அங்கு எழுவதில்லை. அமெரிக்காவில் நிறம் செய்யும் வேலையை இங்கே சாதி செய்கிறது.

இந்தக் கல்யாணோடு தொடர்புடையவர் கல்பனா சரோஜ். விதர்பாவின் அகோலா மாவட்டத்தில் தலித் குடும்பத்தில் பிறந்து, 12 வயதில் மணமுடிக்கப்பட்டு, பின்னர் மும்பையில் ஆடைத் தொழிற்கூடமொன்றில் உழைத்தவர். நொடித்துக் கிடந்த கமானி டியூப்ஸ் நிறுவனத்தின் தலைவரானார். 2013இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய உழைப்பைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் இக்கதையைக் கொண்டாடுவோர் அதன் முற்பகுதியை விட்டுவிடுகின்றனர். முதலாளி குடும்பத்தின் பூசலுக்கிடையே மூடப்பட்ட அதே ஆலையை, 1988இல் உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலோடு தொழிலாளர்களே ஏற்று நடத்தினர். அம்முயற்சி ஏன் நிலைக்கவில்லை என்பது தனியே பேச வேண்டிய வரலாறு. ஒருவர் ஏறிய ஏணி செய்தியாகிறது. பலர் சேர்ந்து ஆலை நடத்தியது அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. ஏணி கிடைக்காத இலட்சக்கணக்கான தலித் பெண்களைப் பற்றியோ பேச்சே இல்லை.

பதவி கிடைத்தாலும் அதிகாரம் கிடைத்துவிடுவதில்லை. கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண், கூட்டத்தில் தரையில் அமர வைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் வெளியாகி நாட்டையே உலுக்கிற்று. மற்றவர்கள் நாற்காலியில், தலைவர் தரையில்! ஊராட்சிப் பொறுப்பிலுள்ள தலித்துகள், பழங்குடியினரின் பணியைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குற்றம். தனியார் நிறுவனத்தின் தலித் பெண் மேலாளருக்கு இப்படியொரு தனிப் பிரிவு இல்லை. சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது அச்சட்டப்படி குற்றமாக வேண்டுமானால், அது பிறர் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். கதவடைத்த அறையில் வீசப்படும் சொல் அதில் எளிதாகச் சிக்காது.

இதே ஓட்டை அமெரிக்காவிலும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆட்குறைப்பை எதிர்த்துக் கறுப்பினப் பெண்கள் வழக்குத் தொடுத்தனர். இனப் பாகுபாடு என்றோ பாலினப் பாகுபாடு என்றோ வழக்காடலாம், இரண்டையும் இணைத்துப் புதிய உரிமை கோரக்கூடாது என்று 1976இல் நீதிமன்றம் கூறியது. அத்தீர்ப்பை அலசித்தான் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் தம் ஆய்வை எழுதினார்.

இங்கோ சட்டமே சாதிக் கொடுமையிலிருந்து பிறந்தது. இராஜஸ்தானத்தில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்ட ஊழியர் பன்வாரி தேவி, குயவர் சமூகப் பெண், 1992இல் ஆதிக்க சாதியினரால் கூட்டு வன்புணர்வுக்கு உள்ளானார். விசாரணை நீதிமன்றம் குற்றவாளிகளை அக்குற்றத்திலிருந்து விடுவித்தது. அந்தக் கொடுமையின் எதிரொலியாகவே 1997இல் விசாகா தீர்ப்பும் 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் வந்தன. அச்சட்டம், மாவட்ட அளவிலான புகார்க் குழுவில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட அல்லது சிறுபான்மைச் சமூகப் பெண் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில் முதலாளி அமைக்கும் உள் குழுவுக்கோ அந்த நிபந்தனை இல்லை. மும்பை, தானே அலுவலகங்களில் தொழிற்சங்கத் தோழர்கள் நிர்வாகத்திடம் முதலில் எழுப்பத்தக்க கோரிக்கை இது. இதை ஏற்கச் சட்டத் திருத்தம் வரும்வரை எந்த நிறுவனமும் காத்திருக்க வேண்டியதில்லை.