கல்யாணத்துக்கா, கம்பெனிக்கா?

1482 வாக்கில் லியோனார்டோ டாவின்சி, மிலான் நகர ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு ஒரு கடிதம் தயாரித்தார். தூக்கிச் செல்லக்கூடிய பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன், கோட்டையைத் தகர்ப்பேன் என்று எழுதிக்கொண்டே போகிறார். ஓவியமும் வரைவேன் என்பது ஏறக்குறைய கடைசியில்தான் வருகிறது! ஸ்ஃபோர்சாவுக்கு இருந்தது போர்க்கவலை. அது தெரிந்து எழுதியிருக்கிறார் மனுஷன்.

நம்ம பிள்ளைகளின் பயோடேட்டாவைப் பாருங்கள். அப்பா பெயர், மதம், உயரம், எடை... கல்யாணத்துக்கா, கம்பெனிக்கா என்றே தெரியாது. படிக்கும்போது சாயங்காலம் மளிகைக் கடையில் கணக்கு எழுதியது மட்டும் அதில் இருக்காது. கேட்டால், "அதெல்லாம் ஒரு வேலையா சார்?" என்பார்கள்.

அதுதான் தம்பி வேலை. கணக்காளர் வேலைக்கு மனுப்போட்டால் அதை முதலில் எழுதுங்கள். கைப்பேசி எண்ணை ஒருமுறை சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள்.